நாற்பதாவது சுற்றில் வரும் பாலம்

செங்கரடு மலையில் ஐந்தாவது கிலோமீட்டரில் இஞ்சி டீ கிடைக்கும் என்று அரசாங்க வலைத்தளத்திலேயே போட்டிருந்தது. அதை நம்பித்தான் நானும் ஜெகனும் ஃபிளாஸ்க்கை வீட்டில் வைத்துவிட்டு ஏறினோம். ஐந்தாவது கிலோமீட்டர் கல் இருந்தது. கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மரம் இருந்தது. டீ இல்லை. அடுப்பு, ஆள், கழுவாத கிளாஸ், ஒரு அடையாளமும் இல்லை.

"இன்னா மாமே, கவர்மெண்டே பொய் சொல்லுமா?" என்றான் ஜெகன். ஆவடியில் ஆட்டோ ஓட்டுகிறவன், பள்ளிக்கூடத்திலிருந்து என் சிநேகிதன். ஐம்பத்திரண்டு வயதில் அவனுக்கு இன்னமும் இந்த மாதிரி சந்தேகமெல்லாம் வரும்.

நான் போனை எடுத்து மலைவழி நிலை ஆய்வு வாரியத்தின் அறிக்கையை மறுபடி படித்தேன். 'பாதை: சமதளம், சிமெண்ட். இரண்டாவது கி.மீ.: இருபத்திரண்டு படிகள், கைப்பிடி உண்டு. நான்காவது கி.மீ.: விலங்கு நடமாட்டம் உண்டு, சாது, பிஸ்கட் சாப்பிடும். ஐந்தாவது கி.மீ.: இஞ்சி டீ. ஏழு புள்ளி ஆறாவது கி.மீ.: பாலம், நன்று.' நாங்கள் ஏறி வந்ததோ முழங்கால் உயரப் பாறையும் முள்ளும். வழியில் பார்த்த ஒரே விலங்கு கரடியின் சாணம். அதுவும் பிஸ்கட் சாப்பிட்ட கரடியாகத் தெரியவில்லை.

சரி, தொலையட்டும், டீதானே என்று விட்டுவிடலாம். பாலத்தை விட முடியவில்லை. முப்பதடி ஆழப் பள்ளத்துக்கு மேலே இருபத்துநான்கடி நீள இரும்புப் பாலம். இந்தப் பக்கம் அடித்தகட்டில் நாலு போல்ட்டும் ஒழுங்காக இருந்தன. அந்தப் பக்கம் இரண்டு போல்ட் இல்லவே இல்லை. மிச்சம் இரண்டில் நட்டு இல்லை. தகடு ஒரு விரல்கடை நகர்ந்து நின்றது. நான் இருபத்தொன்பது வருஷமாக அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வாழ்க்கையில் நான் பாஸ் போட்டதைவிட ரிஜெக்ட் போட்டது ஜாஸ்தி. ஒருவர் ஒருவராகத் தவழ்ந்து திரும்பிவிட்டோம். பத்துப் பேர் சேர்ந்து ஏறினால் எண்ணி எடுக்க ஆள் தேவைப்படும்.

காட்டுப்பாக்கத்தில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, என் மகள் வர்ஷா குதித்துக்கொண்டு வந்தாள். ஐ.டி. கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்.

"அப்பா, வர்ற சனிக்கிழமை எங்க டீம் பதினாலு பேரும் செங்கரடு போறோம். நான்தான் ஆர்கனைசர்."

"வேணாம்மா. அங்க பாலம் சரியில்லை."

"நீ எதைத்தான் சரின்னு சொல்லியிருக்க? சித்தி கல்யாணத்துல ஃபேன் ஆடுதுன்னு பந்தியையே இடம் மாத்தச் சொன்ன ஆளு நீ."

அந்த ஃபேன் ஆடத்தான் செய்தது. அதைப் பற்றி இப்போது பேசப் போவதில்லை. பாலத்தைப் படம் எடுத்திருந்தேன், காட்டினேன். போல்ட் இல்லாதது படத்தில் ஒரு நிழலாகத்தான் விழுந்திருந்தது. "நல்லாத்தானேப்பா நிக்குது?" என்றாள். டீம் லீடர் ராகேஷுக்கு அனுப்பினாள். 'சைட்ல பச்சை போட்டிருக்கு, அங்கிள் சும்மா பயப்படுறார்' என்று பதில் வந்தது, கூடவே சிரிக்கிற மூஞ்சி மூன்று.

"நீ போகக் கூடாது, அவ்வளவுதான்" என்று கத்தினேன்.

"நான் போகலைன்னா மத்த பதிமூணு பேரும் போவாங்க. அவங்க விழுந்தா உனக்குப் பரவாயில்லையா?"

பெண்ணை இப்படிக் கேள்வி கேட்க வளர்த்தது நான்தான். அவளே மனமிரங்கி வழி சொன்னாள். "வாரியம் சிவப்பு போட்டா பர்மிட்டு தானா கேன்சல் ஆயிடும்பா. உனக்கு அவ்ளோ உறுதின்னா, போய் சிவப்பு போட வை."

வலைத்தளத்தின் அடியில் விலாசம் இருந்தது. மலை இருக்கும் ஜில்லாவாக இருக்கும், லீவு போட வேண்டும் என்று நினைத்தேன். அம்பத்தூர் எஸ்டேட், என் கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளி!

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் போனேன். கீழே கேஸ்கட் செய்கிற ஷெட். மேலே இருபத்திரண்டு படி ஏறினால் வாரியம். படிகளுக்குக் கைப்பிடி இருந்தது. ஏதோ நெருடியது, ஆனால் அப்போது புரியவில்லை. வாசலில் 'மலை ஆய்வுப் பணி' என்று எழுதிய ஜீப் நின்றது. ஜீப் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது, டிரைவர் போஸ்ட் இன்னும் வரவில்லையாம். பின்சீட்டில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது.

கண்காணிப்பாளர் ராகவன் மேஜைக்கு அந்தப் பக்கம் மலையேறும் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தார். பூட்ஸ் பளபளவென்று இருந்தது. உதவியாளர் மங்களம் அம்மா ஒரு டிபன் பாக்ஸிலிருந்து இன்னொன்றுக்குப் புளியங்கொட்டைகளை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். ராகவன் கண்ணை மூடிப் பொறுமையாகக் கேட்டார்.

"பாருங்க மிஸ்டர் ஹேமநாதன், பாலம் நன்றுன்னு எங்க அறிக்கை சொல்லுது. மலை வேற மாதிரி இருக்குன்னு நீங்க சொல்றீங்க. அப்போ தப்பு பண்ணது மலை. மலை மேல நடவடிக்கை எடுக்க இந்த வாரியத்துக்கு அதிகாரம் கிடையாது."

"சார், நீங்க கடைசியா எப்போ போய்ப் பார்த்தீங்க?"

"போன வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். பதினோரு புள்ளி நாலு கிலோமீட்டர், பதினெட்டு கிலோ பையைத் தூக்கிட்டு. ஒரு வாரம் தவறினது இல்லை. மங்களம், தவறினோமா?"

"இல்லீங்க சார்" என்றார் மங்களம், கொட்டை எண்ணுவதை நிறுத்தாமல்.

"வர்ற வெள்ளிக்கிழமை வாங்க. நீங்களே பாருங்க" என்றார் ராகவன்.

வெள்ளிக்கிழமை பர்மிஷன் போட்டு, தண்ணீர் பாட்டில், தொப்பி, சுத்தியல், ஸ்பேனர் எல்லாம் எடுத்துக்கொண்டு காலை பத்து மணிக்குப் போய் நின்றேன். மூன்று மணி நேரப் பயணமாயிற்றே என்று இரண்டு பொட்டலம் லெமன் சாதம் வேறு கட்டிக்கொண்டேன்.

ராகவன் பையை மாட்டினார். ஊன்றுகோலை எடுத்தார். கேட்டிலிருந்து புறப்பட்டு, ஷெட்டைச் சுற்றி, கழிவுநீர்க் கால்வாயைத் தாண்டி, மாடிப்படி ஏறி, வராந்தாவில் நடந்து, பின்பக்கப் படியில் இறங்கி மறுபடி கேட்டுக்கு வந்தார். மங்களம் அம்மா ஒரு புளியங்கொட்டையை அடுத்த டப்பாவில் போட்டார்.

"ஒண்ணு" என்றார்.

நான் அவர் வார்ம்-அப் செய்கிறார் என்று நினைத்தேன். எட்டாவது சுற்றில்தான் எனக்கு உறைத்தது.

"சார், மலைக்கு எப்போ கிளம்புறோம்?"

"மலையிலதானே இருக்கோம்? ஒன்றரை கிலோமீட்டர் ஏறியாச்சு" என்றார், மூச்சு வாங்க. "விதி இன்னா சொல்லுது? ஆய்வாளர் பதினோரு புள்ளி நாலு கிலோமீட்டர் தூரத்தை முழுச் சுமையோடு கால்நடையாகக் கடந்து, கண்டதைக் கண்டபடி பதியணும். எங்கே கடக்கணும்னு விதியில இல்லை. ஒரு சுற்று நூத்தித் தொண்ணூறு மீட்டர், அறுபது சுற்று. மீட்டர் கணக்குல ஒரு அடி கூடக் குறைச்சது இல்லை நான்."

"ஆனா சார், மலையில போய்..."

"மலையை நம்பி அறிக்கை எழுத முடியுமாய்யா? மழை பெஞ்சா ஒரு மாதிரி, வெயில் அடிச்சா ஒரு மாதிரி. இந்தக் காம்பவுண்டு நிலையானது. ஒன்பது வருஷத்துல எங்க ஆய்வாளர் ஒருத்தராவது மலையில விழுந்திருக்காரா? வேற எந்த டிபார்ட்மெண்ட் இப்படி மார்தட்ட முடியும்?"

பதினோராவது சுற்றில் படிகளைப் பதிந்தார். இருபத்தோராவது சுற்றில் கேட்டடியில் படுத்திருந்த நாய்க்கு ஒரு பிஸ்கட்டைப் போட்டு, 'விலங்கு நடமாட்டம், சாது' என்று எழுதினார். இருபத்தேழாவது சுற்றில் கேஸ்கட் ஷெட்டில் டீ கொடுக்கும் வேம்புலியம்மாள் தட்டோடு வந்தார். இஞ்சி டீ. ராகவன் ஒரு கிளாஸ் எடுத்துக் குடித்துவிட்டு, 'கிடைத்தது' என்று பதிந்தார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அந்த டீயை நம்பி ஐந்து கிலோமீட்டர் தொண்டை வறண்டவன் நான்.

"பாலம் எங்க சார்?"

"ஏழு புள்ளி ஆறாவது கிலோமீட்டர். நாற்பதாவது சுற்றுல வரும்."

கால்வாய் மூன்றடி அகலம். அதன் மேல் ஒரு பழைய பலகை கிடந்தது. டீத் தட்டோடு தாண்டுவதற்காக வேம்புலியம்மாள் போட்டது. ராகவன் ஒவ்வொரு சுற்றிலும் அதன் மேல்தான் போனார். ஆனால் மற்ற சுற்றுகளில் அது பலகை. நாற்பதாவது சுற்றில் மட்டும் அது பாலம்.

அப்போது மணி பதினொன்றே முக்கால். டப்பாவில் முப்பத்தைந்து கொட்டை. நாளைக் காலை ஐந்து மணிக்கு என் பெண் பதிமூன்று பேரோடு வேன் ஏறப் போகிறாள். நான் வேம்புலியம்மாளிடம் ஓடினேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் டீ கேனைக் கீழே வைத்தார். "இன்னா சார் சொல்றே? இந்த ஆளு வாராவாரம் வெள்ளிக்கெயம சுத்திகினு கீறாரே, ஷுகருக்குன்னு இல்ல நெனச்சேன்! என் பலகைய பாத்தா மலையில பாலம்னு எய்தறாரு?"

"ஆமாம்மா. அந்தப் பலகைய எடுத்துட்டா எம் பொண்ணு பொழைப்பா."

"எட்த்துகினு போ சார். பொண்ணு பெர்சா, பலகை பெர்சா?"

முப்பத்தொன்பதாவது சுற்று முடிவதற்குள் பலகையை எடுத்து ஜீப்புக்குப் பின்னால் சாய்த்துவிட்டேன். நாற்பதாவது சுற்றில் ராகவன் கால்வாய் முன்னால் வந்து நின்றார். அவர் முகம் வெளுத்தது.

"மங்களம்! பாலத்தைக் காணோம்!"

எனக்குச் சிரிப்பும் நிம்மதியும் ஒன்றாக வந்தது. அவசரப்பட்டுவிட்டேன். மங்களம் அம்மா படிவத்தைத் தூக்கிக் காட்டினார். "சார், நன்று, பழுதுன்னு ரெண்டு கட்டம்தான் இருக்கு. காணோம்னு கட்டம் இல்லீங்களே."

ராகவன் ஊன்றுகோலில் சாய்ந்து யோசித்தார். அப்புறம் தெளிவு பிறந்தது. "பாலமே இல்லாதப்போ அதுல பழுது எப்படி இருக்க முடியும்? பழுது காணப்படவில்லை. நன்றுன்னு டிக் பண்ணுங்க."

"அட பாவி மனுஷா!" என்று கத்திவிட்டேன். ஓடிப்போய்ப் பலகையைத் தூக்கி வந்தேன். அவர் கண்ணெதிரிலேயே தரையில் போட்டு சுத்தியலால் நாலு போடு போட்டேன். இரண்டாகப் பிளந்தது. பிளந்ததைக் கால்வாய் மேல் வைத்தேன். போலீஸில் பிடித்துக்கொண்டு போகப் போகிறார்கள், போகட்டும் என்று நின்றேன்.

ராகவன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "மங்களம், ஏழு புள்ளி ஆறாவது கிலோமீட்டரில் பொதுமக்கள் நடமாட்டம்?"

"இல்லைன்னு பதிஞ்சாச்சு சார்."

"அப்போ இங்க யாரும் இல்லை" என்றவர், பூட்ஸ் நுனியால் பலகையைத் தொட்டுப் பார்த்தார். உடைந்த பாதி தண்ணீருக்குள் விழுந்தது. அவர் குரல் கரகரத்தது. "பெரும் பழுது. உயிராபத்து. உடனே சிவப்பு."

மத்தியானம் இரண்டு மணிக்குச் சிவப்பு வந்தது. பர்மிட்டு கேன்சல். வர்ஷா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "நாலு வாரம் தள்ளிப் போட்டிருக்கோம். அப்பவாவது சும்மா இரு" என்று மூன்றாம் நாள் சொன்னாள்.

நாலு வாரத்துக்குள் நிஜப் பாலத்தைச் சரி செய்துவிடுவார்கள் என்று நினைத்தேன். தலைமை அலுவலகத்துக்கு எழுதியும் போட்டேன். 'தங்கள் மனு தக்க நடவடிக்கைக்காகக் கண்காணிப்பாளர் திரு. ராகவன் அவர்களுக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று பதில் வந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், வேலை நடந்தது. மூன்றே வாரத்தில் ஒரு லாரி வந்தது. செங்கரடு பாலத்தின் வரைபடத்தை வைத்துக்கொண்டு, இம்மி பிசகாமல், புத்தம்புது இரும்புப் பாலம் செய்துகொண்டு வந்தார்கள். கொண்டுவந்து அம்பத்தூர் காம்பவுண்டில் கால்வாய் மேல் மாட்டினார்கள். கால்வாய் மூன்றடி, பாலம் இருபத்துநான்கடி. ஒரு முனை கேஸ்கட் ஷெட்டுக்குள் போய்விட்டது, இன்னொரு முனை கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. கேட்டை அதற்கப்புறம் சாத்தவே முடியவில்லை.

வெள்ளிக்கிழமை திறப்பு விழா. மேளம் வைத்திருந்தார்கள். ராகவன் மைக்கைப் பிடித்தார்.

"இந்த மலையின் வரலாற்றிலேயே ஒரு கல்லைக்கூட மிதிக்காமல் கட்டப்பட்ட முதல் பாலம் இது. ஒரு மரம் வெட்டவில்லை. ஒரு தொழிலாளி பாறையில் வழுக்கவில்லை. இயற்கைக்கு எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் இயற்கையைப் பராமரிப்பதே எங்கள் லட்சியம். மலை இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது, போய்ப் பாருங்கள்!"

கைதட்டினார்கள். வேம்புலியம்மாள் என் காதருகே வந்தார். "ஒரு பலகை கேட்டா ரயிலு பாலம் போட்டுகினு கீறானுங்க சார். தட்டோட ஏறி எறங்கறதுக்குள்ள டீ ஆறிப்பூடுது."

சாயங்காலம் பச்சை போட்டார்கள். வர்ஷா டீமுக்கு அடுத்த சனிக்கிழமை பர்மிட்டும் கிடைத்துவிட்டது.

இந்தப் பாலத்தைச் சுத்தியலால் உடைக்க முடியாது. நான் குனிந்து அடித்தகட்டைப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு நாலு போல்ட், இருபது எம்.எம்., கூடவே நட்டு, வாஷர், எல்லாம் முதல் தரம். என் சர்வீஸில் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போடக்கூடிய போல்ட்டை நான் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த மலைப் பாலத்தின் வரைபடம்தானே இது. ஓட்டையின் அளவும் அதுதானே!

மறுநாள், சனிக்கிழமை சாயங்காலம், ஜெகன் ஆட்டோவில் போனோம். சாத்த முடியாத கேட்டுக்குள் சுலபமாக நுழைந்து, ஷெட் பக்கத்து நாலு போல்ட்டையும் கழற்றினேன். இருபத்துநான்கடிப் பாலம் மூன்றடிக் கால்வாயில் விழப் போவதில்லை, ஆனாலும் வேம்புலியம்மாளிடம் சொல்லிவிட்டேன். அவர் பக்கத்தில் ஒரு புதுப் பலகையைப் போட்டுக்கொண்டு, எங்களுக்கு ஒரு ஃபிளாஸ்க் நிறைய இஞ்சி டீ கொடுத்தனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை செங்கரடு ஏறினோம். பச்சை இருந்ததால் பர்மிட்டுக்குப் பிரச்சினை இல்லை. ஐந்தாவது கிலோமீட்டர் கல்லில் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கைத் திறந்தோம்.

"பாத்தியா மாமே, கவர்மெண்டு பொய் சொல்லல" என்றான் ஜெகன்.

பாலத்தில் முதலில் நான் தவழ்ந்து போனேன், பின்னாலேயே அவன். கடப்பாரையால் அவன் நெம்ப, தகடு அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. துருப்பிடித்த இரண்டையும் தட்டி எடுத்துவிட்டு நாலு புது போல்ட்டையும் மாட்டி, தோள் வலிக்க வலிக்க முறுக்கினேன். பிறகு நான் நடுப்பாலத்தில் நின்று குதித்தேன். ஜெகனும் வந்து குதித்தான். ஒரு முனகல் இல்லை. ஐம்பத்திரண்டு வயதுக்காரர்கள் இரண்டு பேர் முப்பதடிப் பள்ளத்துக்கு மேல் நின்று குதித்துக்கொண்டிருந்தோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க நான் கம்பெனியில் ஒன்றைக்கூட ரிஜெக்ட் பண்ணவில்லை, சூப்பர்வைசர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

நிம்மதியில் ஒரு விஷயத்தை மறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை என்று ஒன்று இருக்கிறதே!

அன்றைக்கு ராகவன் முப்பத்தொன்பது சுற்றும் வேம்புலியம்மாளின் பலகையிலேயே போய்விட்டு, நாற்பதாவது சுற்றில் பாலத்தில் கால் வைத்ததும் அது கடகடவென்று ஆடியதாம். மேளம் வைத்துத் திறந்து ஒரே வாரம் ஆன பாலம். போல்ட் எங்கே என்று தேடியிருக்கிறார்கள். மங்களம் அம்மா படிவத்தில் ஏழு புள்ளி ஆறாவது கிலோமீட்டருக்கு நேரே 'பெரும் பழுது, உயிராபத்து' என்று எழுதினாராம். வேம்புலியம்மாள் போன் போட்டுச் சொன்னார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். வர்ஷா தன் அறையிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள். முகம் சின்னதாகியிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எவ்வளவோ நாளைக்கப்புறம் என் தோளில் சாய்ந்தாள்.

"சாரிப்பா. நான் உன்னை நம்பவே இல்லை. இப்பதான் சிவப்பு போட்டிருக்காங்க. அந்தப் பாலத்துல நாலு போல்ட் இல்லையாம்ப்பா, அந்தப் பக்கம், நீ அன்னிக்கு சொன்ன மாதிரியே. நாளைக்கு நாங்க போயிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"ஒண்ணும் ஆயிருக்காதும்மா" என்றேன்.

"சும்மா என்னைத் தேத்தாதப்பா" என்றாள் அவள்.